கீழ்பென்னாத்தூரில் கிடைத்த மூன்றாவது தட்டு

வெள்ளிக்கிழமை காலை 5.40. சென்னை கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் திருவண்ணாமலை வண்டி ஏறினேன். டிக்கெட் நூற்று அறுபத்தைந்து ரூபாய். மடியில் ஒரு துணிப்பை, அதற்குள் இரண்டு அட்டைகளுக்கு நடுவே இரண்டு சின்ன இசைத்தட்டுகள். இரண்டிலும் ஒரே பாட்டு: ‘ஓப்பன் தி கேட், மிஸ்டர்’.

அறுபதுகளில் சென்னை ஓட்டல்களில் வாசித்துவந்த ஒரு குழு சொந்தச் செலவில் வெளியிட்ட ஆங்கிலப் பாட்டு அது. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் காதலன் நிற்கிறான். கேட்டைத் திறக்கச் சொல்லி ஒரு பெண் முதலில் கெஞ்சுகிறாள், பிறகு அதட்டுகிறாள். அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டிலிருந்து பிறந்த ‘சோல்’ இசை. அதை அடிவயிற்றிலிருந்து இப்படிப் பாடிய இன்னொரு குரலை நம் ஊர்த் தட்டுகளில் நான் கேட்டதில்லை.

நான் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவன். பழைய தட்டு சேர்ப்பது இருபது வருடப் பழக்கம். லண்டனில் ஒரு சிறிய நிறுவனம் மறந்துபோன பாட்டுகளைத் தொகுத்து வெளியிடுகிறது. இந்தப் பாட்டும் அதில் வருகிறது. ஆனால் உறையில் ‘பாடியவர் தெரியவில்லை’ என்று போடப்போகிறார்கள். என்னிடமுள்ள மஞ்சள் லேபிளில் ‘ஆர். வேதவல்லி, டி.வி.மலை’ என்று பொடி ஆங்கில எழுத்தில் இருக்கிறது. டி.வி.மலை என்பது திருவண்ணாமலையின் சுருக்கம். சிவப்பு லேபிளில் குழுவின் பெயர் மட்டும். சிவப்புதான் முதல் வெளியீடு, பாடியவள் வெள்ளைக்காரி, மஞ்சள் பிற்பாடு யாரோ அடித்த நகல் என்று தட்டு சேர்ப்பவர்கள் இணையத்தில் அடித்துப் பேசுகிறார்கள்.

தட்டின் நடுவில், பாட்டு முடிந்து ஊசி ஓடி நிற்கும் வெற்றிடத்தில், எத்தனையாவது அச்சு என்று ஓர் எண்ணைக் கீறியிருப்பார்கள். சிவப்பில் 2 இருக்கிறது. மஞ்சளில் அந்த இடம் தேய்ந்துபோய், 1 என்றும் சொல்ல முடியவில்லை, 3 என்றும் சொல்ல முடியவில்லை. மஞ்சள்தான் முதல் என்று நிரூபிக்க அந்த லண்டன் நிறுவனத்துக்காரரிடம் கெஞ்சி வாங்கிய கெடு இன்று மாலை ஐந்து மணி. அதற்குமேல் உறை அச்சுக்குப் போய்விடும்.

திண்டிவனம், செஞ்சி தாண்டி கீழ்பென்னாத்தூரில் வண்டி ஐந்து நிமிடம் நின்றது. இறங்கி ஒரு டீ குடித்தேன், பன்னிரண்டு ரூபாய். வேறெதுவும் தோன்றவில்லை. 9.50க்குத் திருவண்ணாமலை.

இரண்டு பாத்திரக்கடைகளிலும் ஒரு பழைய போட்டோ ஸ்டூடியோவிலும் விசாரித்தேன். யாருக்கும் அந்தப் பெயர் தெரியவில்லை. ஓர் ஆட்டோக்காரர், பழைய பாட்டு விஷயம் என்றால் மைக்செட் பாயைத்தான் கேட்க வேண்டும் என்று தேரடித் தெருவை ஒட்டிய ஒரு சந்தில் எண்பது ரூபாய்க்கு இறக்கிவிட்டார்.

11.15. கடை முழுக்கக் குழாய் ஒலிபெருக்கிகள். சாதிக் பாய்க்கு அறுபதை நெருங்கும் வயது. நான் தட்டை வெளியே எடுக்கவில்லை. செல்போனில் பதிந்து வைத்திருந்த பாட்டை மட்டும் போட்டேன். முதல் வரி முடிவதற்குள் கையிலிருந்த ஒயரைக் கீழே வைத்தார்.

“இது நம்ம நர்ஸம்மா ஆச்சே. கீழ்பென்னாத்தூர் ஆஸ்பத்திரில இருந்தாங்க. என் ரெண்டு பசங்களும் அவங்க கையிலதான் பொறந்தாங்க. வலி ஜாஸ்தியாச்சுனா இதத்தான் பாடுவாங்க. நான் வராண்டாவுல நின்னு கேட்டுக்கினு இருந்தேன்.”

தட்டு வந்த கதை அவருக்குத் தெரியாது. குரல்தான் தெரியும். பெயர் என்ன என்று கேட்டேன். வேதவல்லி என்றார்.

இருபது கிலோமீட்டர், வந்த வழியே திரும்பினேன். காலையில் டீ குடித்த அதே ஊர். 12.50க்கு இறங்கி நர்ஸம்மா வீடு என்று கேட்டதும் மூன்று பேர் ஒரே திசையில் கை காட்டினார்கள்.

வேதவல்லி அம்மாவுக்கு எண்பதை நெருங்குகிறது. நல்ல உயரம், நிமிர்ந்த நடை. வாசலில் வேர்க்கடலை காயப்போட்டிருந்தார். இரண்டு தட்டுகளையும் வாங்கிப் பார்த்து, சிவப்பைக் கவிழ்த்து வைத்தார்.

“இது ரெண்டாவது. இத நான் வெச்சிக்கல.”

சாப்பிட வைத்துவிட்டுத்தான் மீதியைச் சொன்னார். சென்னையில் நர்ஸிங் படிக்கும்போது விடுதியில் கிறிஸ்துமஸுக்குப் பாடியிருக்கிறார். கூடப் படித்த பெண்ணின் அண்ணன் அந்தக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். அவர்தான் கூப்பிட்டார். அப்பா ஒரே நிபந்தனை போட்டார்: பெண்ணின் பெயரும் ஊரும் அச்சில் வர வேண்டும். கீழ்பென்னாத்தூர் என்று போட இடம் போதவில்லை என்று அச்சுக்காரர் டி.வி.மலை என்று சுருக்கிவிட்டார். அதுதான் மஞ்சள். அது விற்றுத் தீர்ந்து சிவப்பு வந்தபோது பெயரே இல்லை. வேதவல்லி அம்மாவே குழுத்தலைவரின் வீட்டுக்குப் போய்க் கேட்டிருக்கிறார்.

“பேரு இல்லனா வெள்ளைக்காரினு நெனச்சு வாங்குவாங்கன்னாரு. அப்போ அந்த வெள்ளைக்காரியவே கூப்ட்டு பாட வெச்சிக்கோங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.”

அதன்பின் ஓட்டலில் வந்தவர்களெல்லாம் அந்தப் பாட்டைக் கேட்டார்கள். குழுவில் அதைப் பாட ஆளில்லை. மூன்று மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, தலைவர் விடுதிக்கே ஒரு பார்சலோடு வந்தாராம்.

அம்மா உள்ளே போய், தலையணை உறையில் சுற்றியிருந்த ஒரு தட்டைக் கொண்டுவந்தார். நீல லேபிள். இப்படி ஒன்று இருப்பது எந்தப் பட்டியலிலும் இல்லை. குழுவின் பெயருக்கு மேலே, அதைவிடப் பெரிய எழுத்தில்: ‘ஆர். வேதவல்லி, கீழ்பென்னாத்தூர்’. சன்னல் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். வெற்றிடத்தில் தெளிவாக 3. அப்படியானால் மஞ்சள்தான் முதல்.

ஏன் பாட்டை விட்டுவிட்டீர்கள் என்று கேட்டேன்.

“விட்டேன்னு யாரு சொன்னது? வேலை கெடச்சு ஊருக்கு வந்தேன். முப்பது வருஷம் பிரசவ வார்டுல பாடினேன். ‘கேட்டத் தொறங்க’ன்ற பாட்டுக்கு அதவிடப் பொருத்தமான எடம் எங்க இருக்குது?”

4.10. லண்டன்காரரை வீடியோவில் அழைத்தேன். அங்கே முற்பகல். மூன்று தட்டுகளையும் வரிசையாகக் காட்டினேன். 3 என்ற எண்ணை இரண்டு முறை பார்த்துவிட்டு, உறையைத் திருத்தச் சம்மதித்தார். பிறகு அவர் ‘வெடா வாலி’ என்று ஆரம்பித்ததும் அம்மா போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். வார்டில் பழகிய ஆங்கிலத்தில், ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தார். மனிதர் நான்காவது தடவை சரியாகச் சொன்னார். ஊர்ப் பெயர் நீளமாக இருக்கிறது, சுருக்கலாமா என்று தயங்கினார்.

“ஃபுல் நேம், ப்ளீஸ்,” என்றார் அம்மா.

4.45க்குத் திருத்திய பக்கம் என் போனுக்கு வந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். நானும் வாசித்தேன். பிழை இல்லை. பெயரை விரலால் ஒருமுறை தொட்டுவிட்டு, கடலையைக் கிளறப் போனார்.

5.20. சென்னை வண்டி வந்தது, காலையில் நான் வந்த அதே வண்டி. நடத்துநர் டிக்கெட்டைக் கிழித்தபடி, காலையில் டீக்கடையில் இறங்கியவர் தானே, இங்கே யார் வீட்டுக்கு வந்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன்.

“நர்ஸம்மாவா? என்னை வெளிய எடுத்ததே அவங்கதாங்க,” என்று சொல்லிவிட்டு அடுத்த இருக்கைக்கு நகர்ந்தார்.

சென்னையில் இருபது வருடமாக, கதவைச் சாத்திக்கொண்டு, அது யார் குரல் என்று தேடியிருக்கிறேன். இந்த ஊரில் எத்தனையோ பேர், பிறந்த நிமிடத்தில், தங்கள் பெயரைக் கேட்பதற்கும் முன்னால் அந்தக் குரலைக் கேட்டிருக்கிறார்கள்.