அஞ்சலைக்காக ஆத்தா எனக்குக் கொடுத்த வாய்

1958ஆம் வருடம் ஆனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, என் மகளைப் பள்ளியை விட்டு நிறுத்திவிடும்படி பெரிய வாத்தியார் சொல்லியனுப்பினார். அஞ்சலைக்கு அப்போது எட்டு வயது. இரண்டாம் வகுப்பு. வெள்ளிக்கிழமை பூசைக்கு வரும் சகோதரிகளுக்கு இந்தக் கதையில் பாதி தெரியும். மீதிப் பாதியில் என் தப்பு இருக்கிறது. அதனால்தான் இத்தனை நாளும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் மாரியாத்தா செய்த உதவியைச் சொல்ல வேண்டுமென்றால் அதையும் சேர்த்துத்தான் சொல்லியாக வேண்டும்.

என் பெயர் முனியம்மா. மலாக்காவில் காஜா பெராங்கில் குடியிருக்கிறோம். வீட்டுக்காரர் மாரிமுத்து சாலைக்குத் தார் போடும் வேலைக்குப் போகிறவர். நான் காலையில் வாசலில் இட்லி, தோசை சுட்டு விற்கிறேன். கம்போங் செட்டி ஓரத்தில் ஒரு செட்டிக் குடும்பத்து வீட்டின் பின்கட்டு எங்களுக்கு வாடகைக்கு. நான்கு பிள்ளைகள். மற்ற மூன்றும் சொன்ன பேச்சு கேட்கும். அஞ்சலை இரண்டாவது.

அவள் கெட்ட பிள்ளை இல்லை. யாரையும் கிள்ளமாட்டாள், பொய் சொல்லமாட்டாள். ஆனால் உட்கார வைத்தால் காலாட்டுவாள், காலைப் பிடித்தால் கையாட்டுவாள், கையைப் பிடித்தால் வாய் ஓடும். உப்பு வாங்கி வா என்று அனுப்பினால் கடைவரை போய், எதற்கு வந்தோம் என்பதை மறந்து நிற்பாள். ஒரு மாதத்தில் மூன்று சிலேட்டு தொலைத்திருக்கிறாள். அதே பிள்ளை, பழைய மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்று கையில் கிடைத்தால் சோறு தண்ணி இல்லாமல் அரை நாள் அதைப் பிரித்து மாட்டிக்கொண்டிருப்பாள். பார்க்கிறவர்கள், "பிடிச்ச வேலைன்னா மட்டும் உக்காருது பாரு, எல்லாம் திமிரு" என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மலாயாவுக்குச் சுதந்திரம் எந்த நாளில் என்று பண்டார் ஹிலிர் திடலில் அறிவித்தார்களே, அன்றைக்கு ஊரே மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் மட்டும் இவளைத் தேடிக்கொண்டிருந்தேன். கடைசியில் பேண்டு வாத்தியக்காரர்கள் வந்த லாரியின்மேல் உட்கார்ந்திருந்தாள்.

பள்ளியில் நடந்தது அதைவிடப் பெரிது. பாடம் நடக்கும்போது சாலையில் ஒரு சீனர் சாவு ஊர்வலம் மேளதாளத்தோடு போயிருக்கிறது. அஞ்சலை ஜன்னல் ஓரம். எழுந்து, யாரிடமும் சொல்லாமல், பின்னாலேயே போய்விட்டாள். இரண்டு மணி நேரம் கழித்து தெங்கேராவில் கடலோரமாக ஒரு மலாய்க்காரர் பார்த்து, சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்து விட்டார். "கடல்ல விழுந்திருந்தா யாரும்மா பதில் சொல்றது?" என்று பெரிய வாத்தியார் கேட்டனுப்பியதில் ஒரு தப்பும் இல்லை. இந்தப் பள்ளித் தவணை முடிவதோடு பெயரை எடுத்துவிடுவதாகச் சொன்னார்.

என் வீட்டுக்காரர் அதைக் கேட்டு, "பொம்பளப் புள்ளதானே, விடு. வீட்டுல ஒனக்கு ஒத்தாசையா இருக்கட்டும்" என்றார். அவருக்கு அது அவ்வளவு சுலபம். எனக்கு நெஞ்சு எரிந்தது. என்னை ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் நான்காம் வகுப்போடு நிறுத்தினபோதும் இதே வார்த்தையைத்தான் சொன்னார்கள். பால்மரம் வெட்ட ஆள் வேண்டியிருந்தது, நிறுத்தினார்கள். என் மகளை நிறுத்த அந்தக் காரணம்கூட இல்லை. அவள் அடங்கவில்லை, அவ்வளவுதான்.

அடக்குவதற்கு நான் செய்யாதது இல்லை. தாயத்துக் கட்டினேன். எலுமிச்சம்பழம் மந்திரித்து வாங்கினேன். மலாய் மந்திரவாதி, ஒரு போமோவிடமும் கூட்டிப் போனேன். அவர் ஓதி ஊதிக்கொண்டிருக்கும்போதே இவள் அவருடைய சாம்பிராணித் தட்டைக் கவிழ்த்தாள். விளக்கெண்ணெய் கொடுத்தேன். அடித்தேன். அடியாத மாடு படியாது என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். பெரிய வாத்தியாரின் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போன அன்று தோசைக் கரண்டியால் அடித்தேன். கரண்டி சூடாக இருந்தது. வேண்டுமென்று இல்லை, ஆனாலும் என் கைதான். அவள் முழங்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. பிள்ளை அழாமல், "அம்மா, நான் போவணும்னு நெனக்கலம்மா, கால் போயிருச்சு" என்றாள். அன்றைக்கு எனக்கு அது சாக்காகத்தான் பட்டது.

மறுநாள் கோயிலுக்குப் போய் ஆத்தாவிடம் சண்டை போட்டேன். "மூணு வருசமா கேக்குறேன், ஒரு புள்ளைய அடக்கி வைக்க ஒனக்கு முடியலையா? என்னால ஆகாது. நீயே வச்சிக்க" என்று சொல்லிவிட்டேன். பூசாரி கேட்டுக்கொண்டிருந்தார். "அப்பன்னா முறையாக் குடுத்துரு தாயி. வெள்ளிக்கிழமை தவிடு கொண்டா" என்றார்.

தவிட்டுக்குப் பிள்ளை வாங்குவது நமக்குப் பழக்கம்தான். பிள்ளையைச் சாமிக்கு என்று கொடுத்துவிட்டு, ஒரு படி தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வது. தவிடு இந்த ஊரில் கோழித் தீனிக் கடையில்தான் கிடைக்கும். சீனர் கடைக்காரர் "பெரப்பா ஆயாம்?" என்று, எத்தனை கோழி வளர்க்கிறேன் என்று விசாரித்தார். ஒன்றே ஒன்று, ஆனால் நூறு கோழிக்குச் சமம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை அஞ்சலையை ஆத்தா காலடியில் விட்டேன். ஒரு நிமிடம் அங்கே நிற்க வைப்பதற்குள் உயிர் போய்விட்டது. பூசாரி தவிட்டை வாங்கிக்கொண்டு பிள்ளையை என் கையில் கொடுத்தார். "கேட்டுக்க தாயி. இனிமே இது ஆத்தா புள்ள. நீ வளக்கிற ஆளு, அம்புட்டுத்தான். இதும்மேல கை ஓங்குனா ஆத்தாமேல ஓங்குன மாதிரி" என்றார்.

நான் சரி என்று தலையாட்டினேன். மனதுக்குள் வேறு கணக்கு. கொடுத்து வாங்கியாகிவிட்டது, நாளையிலிருந்து பிள்ளை பெட்டிப்பாம்பாக அடங்கிவிடும் என்று காத்திருந்தேன். நான் செய்த தப்பு இதுதான். அவளை மாற்றத்தான் ஆத்தா வாங்கிக்கொண்டாள் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம், மறுநாள் வியாபாரத்துக்கு அரைத்து வைத்த மாவுச் சட்டியைத் தாண்டிக் குதிக்கிறேன் என்று முழுச் சட்டியையும் கவிழ்த்தாள். என் கை தானாக மேலே போய்விட்டது. பூசாரி சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஓங்கிய கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. மாவிலேயே உட்கார்ந்து அழுதேன்.

சத்தம் கேட்டு, எங்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்கார அம்மா வந்தார். அவர் பல தலைமுறையாய் இந்த ஊரிலேயே ஊறிய மலாக்கா செட்டி. சாமி கும்பிடுவதில் நம்மை மிஞ்சியவர், ஆனால் பேச்செல்லாம் மலாய். ஒரு தேங்காய் ஓட்டால் மாவை வழித்துக்கொண்டே, "புக்கான் தாக் மாவ். தாக் போலே" என்றார். மாட்டேன் என்று இல்லை, முடியவில்லை என்று அர்த்தம். அவர் அதை ஏதோ மழை வரப்போகிறது என்பதுபோலச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு அது சாதாரணமாகப் படவில்லை. கால் போய்விட்டது என்று பிள்ளை சொன்னதும் அதுதானே? ஐந்து மாதக் கைக்குழந்தை நடக்கவில்லை என்று அடிப்போமா? மூன்று வருடம் நான் அதைத்தான் செய்திருக்கிறேன்.

அன்று முதல் அவளை அடிப்பதற்குப் பதிலாகப் பார்க்க ஆரம்பித்தேன். வேறு வழியும் இல்லை, கை கட்டப்பட்டுவிட்டது. இரண்டு வேலை சேர்த்துச் சொன்னால் இரண்டும் போச்சு. ஒன்றைச் சொல்லி, அதைத் திருப்பிச் சொல்ல வைத்தால் செய்துவிடுகிறாள். கையில் வெங்காயம் உரிக்கக் கொடுத்துவிட்டு வாய்ப்பாடு கேட்டால் ஒப்பிக்கிறாள். கையைக் கட்டிக்கொண்டு ஒப்பிக்கச் சொன்னால் ஒன்றும் வராது. வாசலில் சைக்கிள் மணி கேட்டால் அன்றைய பாடம் முடிந்தது. காலையில் நன்றாக இருப்பாள், வெயில் ஏற ஏற ஆடுவாள். எட்டு வருடம் பெற்று வளர்த்த பிள்ளையைப் பற்றி எனக்கு இதெல்லாம் புதுச் செய்தி.

இதைப் பள்ளியில் போய்ச் சொல்ல வேண்டும். அங்கேதான் எனக்கு நடுக்கம். சந்தையில் என் வாய்க்கு யாரும் நிற்கமாட்டார்கள். ஆனால் படித்தவர் மேசைக்கு முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். மறு வெள்ளிக்கிழமை ஆத்தாவிடம், அவளை அடக்கு என்று கேட்கவில்லை. "ஒம் புள்ளைக்காகத்தான் போறேன். எனக்கு வாயைக் குடு" என்று மட்டும் கேட்டேன்.

திங்கட்கிழமை போனேன். பெரிய வாத்தியார் உட்காரச் சொன்னார், நான் உட்காரவில்லை.

"ஐயா, அவ உக்காரமாட்டேன்னு இல்ல, அவளால முடியல."

"எல்லாத் தாயும் இதத்தான் சொல்றாங்க. நாப்பது புள்ளைங்கள வச்சிக்கிட்டு நாங்க என்னம்மா செய்யிறது?"

"ஜன்னல் ஓரம் வேண்டாங்கய்யா, டீச்சர் மேசைகிட்ட போடுங்க. நடுவுல எந்திரிக்க ஒரு வேலை குடுங்க. கரும்பலகை தொடைக்கச் சொல்லுங்க, சிலேட்டு எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க. ஒப்பிக்கிறப்ப நின்னுக்கிட்டு ஒப்பிக்கட்டும். அப்புறம், பெரம்பு வேண்டாங்கய்யா. அவள ஆத்தாவுக்குக் குடுத்து வாங்கியிருக்கு."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "சாமி பேரச் சொல்லி என்னை மெரட்டுறீங்களா?"

"மெரட்டலைங்கய்யா. என்னைத்தான் மொதல்ல தடுத்துச்சு. நான் சூட்டுக் கரண்டியால அடிச்சவ" என்று சொன்னேன். சொல்ல வேண்டுமென்று போகவில்லை. எப்படியோ வந்துவிட்டது. அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு வகுப்பு ஆசிரியை ராஜம்மா டீச்சரைக் கூப்பிட்டு, "தவணைப் பரீட்சை வரைக்கும் பாருங்க. இன்னொரு தடவை வெளிய போனா அன்னிக்கே பேரை எடுத்துருவேன்" என்றார்.

பரீட்சைக்கு எட்டு வாரம் இருந்தது. முருங்கைக்காய் ஒடித்த மாதிரி சட்டென்று முடிந்துவிடவில்லை. தினமும் வியாபாரம் முடிந்து, இடைவேளைக்குப் பள்ளி வேலிக்கு வெளியே போய் நிற்பேன். டீச்சர் தலையாட்டினால் நல்ல நாள், கையை விரித்தால் மோசமான நாள். இரண்டாவது வாரம் முழுக்கக் கையைத்தான் விரித்தார். என் வீட்டுக்காரர், "ஏன் புள்ள, நீயும் ரெண்டாம் வகுப்புல சேந்துட்டியா?" என்று கேலி செய்தார். ஆறாவது வாரம் ஊர்வலம் இன்னொன்று போனது. அதே மேளம். அன்று நான் வேலிக்குப் போனபோது டீச்சரே வாசலுக்கு ஓடி வந்தார். மறுபடியும் போய்விட்டாளா என்றுதான் முதலில் கேட்டேன்.

"எந்திரிச்சிட்டாம்மா. கதவு வரைக்கும் வந்துட்டா. அப்புறம் எங்கிட்ட வந்து, 'டீச்சர், எனக்குக் கால் போவுது, ஏதாச்சும் வேலை குடுங்க'ன்னு கேட்டா. தண்ணி வாளியத் தூக்கிக் குடுத்தேன்" என்றார்.

நான் அந்தச் சாலை ஓரத்திலேயே கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். போகிறவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

பரீட்சையில் தமிழில் நல்ல மார்க்கு, கணக்கில் தட்டுத் தடுமாறித் தேறினாள். பெயரை எடுக்கவில்லை. பெரிய வாத்தியார் சொன்னது, "அடங்கலம்மா. ஆனா படிக்கிறா" என்று. அதற்குமேல் எனக்கு வேண்டியதும் இல்லை. என் வீட்டுக்காரர் அன்று வேலை விட்டு வரும்போது, யாரும் கேட்காமலேயே, ஒரு புதுச் சிலேட்டு வாங்கி வந்தார். அதையும் அவள் பத்தே நாளில் தொலைத்தாள். சென்ற வருடம் ஆறாம் வகுப்பு தேறினாள். இப்போது இடைநிலைப் பள்ளிக்குப் போகிறாள். ஒவ்வொரு வருடமும் புது வாத்தியாரிடம் நான் முதல் நாளே போய்விடுவேன். எனக்கு நாக்கு ஒட்டுவதில்லை.

சகோதரிகளே, ஆத்தா கேட்டதைக் கொடுப்பாள் என்று நான் சொல்லமாட்டேன். நான் கேட்டது வேறு. அவள் கொடுத்தது எனக்குத் தேவையானது. நம்பி ஒப்படைத்துவிட்டு, அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்காதீர்கள். அவள் பிள்ளை, ஆனால் பள்ளிக்குப் போய்ப் பேச நாம்தான் இருக்கிறோம்.

போன மாதம் தெங்கேராவிலிருந்து ஒரு தாய் என்னைத் தேடி வந்தாள். புதுசாகக் கன்றிப்போன கன்னத்தோடு ஒரு சின்னப் பெண் அவள் இடுப்பைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. "அக்கா, ஒங்க மகளுக்கு மந்திரிச்ச பூசாரி யாருக்கா? சொல்லுங்க, என்ன கேட்டாலும் செய்யிறேன்" என்று அழுதாள். நான் அவளுக்குக் காப்பி கொடுத்தேன். அந்தக் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். பிறகு, உன் பிள்ளையின் பள்ளி எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டேன். மறுநாள் காலை கடை போடவில்லை. கோயிலில் கும்பிட்டுவிட்டு இரண்டு பேரும் போனோம்.