வெற்றிடத்துக்குள் ஏலக்காய்

நுண்ணலை நிறமாலை ஆய்வகம் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்ய வேண்டாம். போடியில் நான் படித்த கல்லூரியின் பின்கட்டில், ஜன்னல் திறக்க வராத ஓர் அறை, அவ்வளவுதான். அங்கே ஒரு நீளமான செப்புக் குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்களுக்குப் புகைக்குழாய் செய்து தருகிற பட்டறையில்தான் அதையும் ஒட்டவைத்தேன். குழாயிலிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, ஒரு சேர்மத்தின் ஆவியைக் கொஞ்சம் விட்டு, நுண்ணலையைச் செலுத்த வேண்டும். அந்தச் சேர்மத்துக்கே உரிய கோடுகள் திரையில் வரும்.

என் சேர்மம், எறும்பு கடித்தால் எரியுமே, அந்த ஃபார்மிக் அமிலம். அதில் ஒரு ஹைட்ரஜனுக்குப் பதில், அதைவிட இருமடங்கு கனமான டியூட்டீரியத்தை வைத்து நானே தயாரித்திருந்தேன். அதன் கோடுகளை மாதக் கடைசிக்குள் சுத்தமாக எடுத்து அனுப்பினால் புனேயில் ஓர் ஆய்வகத்தில் எனக்கு இடம். தவறினால் அடுத்த ஆளுக்கு. எனக்கோ இந்த ஊரைவிட்டுப் போயே ஆக வேண்டும். எந்தப் பக்கம் பார்த்தாலும் மலை, வீட்டுக்குள் வந்தால் அப்பாவின் ஏலக்காய் விலைப் பேச்சு. எனக்கு மூச்சு முட்டியது.

குழாயின் இரு முனைகளிலும் பழைய ரப்பர் வளையங்கள் கசிந்ததால், வீட்டில் வைத்திருந்த புதியவற்றைக் கொண்டுவந்து மாட்டினேன். அன்றிலிருந்து பிடித்தது சனி. என் கோடுகளுக்கு நடுவே வேண்டாத கோடுகள் புல் மாதிரி முளைத்தன. குழாயைக் கழுவினேன், சூடாக்கினேன், அமிலத்தைத் திரும்பவும் தயாரித்தேன். எதற்கும் மசியவில்லை.

விடுப்பு முடிந்து நாகர்கோவிலிலிருந்து வந்த என் வழிகாட்டிப் பேராசிரியர், வளையத்தைக் கழற்றி முகர்ந்தார். "ஏம்மா, இது இப்படி ஏலக்காய் மணக்குதே, உனக்குத் தெரியலையா?"

நானும் முகர்ந்தேன். ஒன்றும் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து அந்த வாசனைக்குள்ளேயே இருக்கிற மூக்கு அது.

வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அப்பா பெருமையாகச் சொன்னார்: "மழ நேரத்துல ரப்பரு கெட்டுப்போகும்ல ஆத்தா. அதேன் எடுத்து நம்ம ஏலக்கா மூட்டைக்குள்ள வச்சேன். ஈரமே அண்டாது." ஏலக்காயின் எண்ணெயை ரப்பர் குடித்துவிடும், வெற்றிடத்தில் ஆவியாகக் கக்கும், அதுதான் அந்த வேண்டாத கோடுகள் என்று விளக்கினேன். "நல்ல சரக்குத்தானே, அது என்ன செய்யப்போகுது?" என்றார்.

வேறு வளையங்கள் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தபோது மாதம் முடிந்திருந்தது. புனே இடம் போயிற்று.

அன்று சாப்பிடும்போது சொன்னேன். "சரி விடு ஆத்தா. இங்கனயே இரு, நமக்கு என்ன கொறச்சல்?" என்றவரின் முகத்தில் மறைக்கத் தெரியாத நிம்மதி. வேண்டுமென்று அவர் எதையும் செய்யவில்லை. அதனாலேயே கத்தித் தீர்க்கவும் வழியில்லாமல் போயிற்று.

"அடுத்த வருசமும் எழுதிப் போடுவேன்ப்பா."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.