மஞ்சள் வாயுவும் ரவுனோவின் மூக்கும்

கிழக்குப் பின்லாந்தில் ஏரியை ஒட்டி ஒரு மரக்கூழ் ஆலை. ஊரில் பாதிப்பேருக்கு அதுதான் பிழைப்பு. அங்கே கூழை வெளுக்கும் பிரிவில் வாலிப வயதிலிருந்தே வேலை பார்த்தவன் ரவுனோ. பெரிய படிப்பு கிடையாது, வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசவும் மாட்டான். அவனிடம் இருந்ததெல்லாம் ஒரு மூக்கு.

அந்த மூக்குக்கு அங்கே மரியாதை இருந்ததற்குக் காரணம் குளோரின் டை ஆக்ஸைடு. கூழை வெள்ளையாக்குகிற அந்த மஞ்சள் வாயுவைப் போல ஒரு சிடுமூஞ்சி உலகத்தில் இல்லை. ஒரு குளோரினும் இரண்டு ஆக்ஸிஜனும் வேண்டாவெறுப்பாக ஒரே வீட்டில் குடியிருக்கிற குடும்பம் அது. ஜோடி சேராத எலெக்ட்ரான் ஒன்று வேறு உள்ளே தவித்துக்கொண்டிருக்கும். வெளிச்சம் பட்டால் பிரிந்துபோகும், சூடு ஏறினால் பிரிந்துபோகும், கொஞ்சம் அடர்த்தியாகச் சேர்ந்துவிட்டால் வெடித்தே பிரியும். அதனால் சிலிண்டரில் அடைத்து லாரியில் ஏற்றும் பேச்சுக்கே இடமில்லை. குளோரேட் உப்பையும் அமிலத்தையும் வைத்து ஆலையே அன்றன்றைக்குத் தயாரித்து, காற்றைக் கலந்து அடர்த்தியைக் குறைத்து, சில்லென்ற தண்ணீரில் கரைத்து, இருட்டுத் தொட்டியில் வைத்துக்கொள்ள வேண்டும். கலனின் மூடியைக்கூட இறுக்கி முடுக்குவதில்லை. உள்ளே இருப்பது கோபித்துக்கொண்டு ‘புஸ்’ என்று கிளம்பினால் மூடி தானே தூக்கி வழிவிடும்.

தொட்டியறைச் சுவரில் வாயுவைக் கண்டுபிடிக்கும் மீட்டர் ஒன்று உண்டு. மழைக்காலத்தில் அது காரணமில்லாமல் கத்தும். ஆகவே அதை யாரும் சட்டை செய்வதில்லை. ரவுனோ கதவைத் திறந்து தலையை நீட்டி மோந்து பார்ப்பான். “சுத்தம்” என்றால் அப்படியே உள்ளே போவார்கள். “முகமூடி” என்றால் ஆணியில் தொங்குவதை எடுத்து மாட்டிக்கொள்வார்கள். மீட்டருக்கு முன்னால் அவன் கண்டுபிடித்த கசிவுகளைப் பற்றிக் காபி வேளையில் பெருமையாகப் பேசுவார்கள். அவன் காது சிவக்கக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

மூக்கு ஒரே நாளில் போகவில்லை. எந்த வாயுவை மோந்து பேர் வாங்கினானோ அதுவே கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிட்டது. ஒரு சனிக்கிழமை சவுனாவில், வெந்நீராவிக்குள் உட்கார்ந்துகொண்டு, அங்கே உடம்பில் தட்டிக்கொள்ளும் பிர்ச் மரத் தழையின் வாசனை தெரிவதாகக் காட்டிக்கொள்ள, “ஆகா, பிர்ச் தழை என்ன வாசனை!” என்றான்.

அவன் மனைவி ஐலி திரும்பிப் பார்த்தாள். “தழை எங்க இருக்கு? இன்னைக்கு நான் கொண்டே வரலியே.”

“போன வாரத்து வாசனை இன்னும் நிக்குது” என்று சமாளித்தான். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. அவனுக்கு அந்தச் சூட்டிலும் உடம்பு கூசியது.

இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. முட்டி தேய்ந்தவன் சொல்லிக்கொள்வதில்லையா? காது மந்தமானவன் மெஷின் மாட்டிக்கொள்வதில்லையா? ஆனால் ரவுனோவுக்கு மூக்கை எடுத்துவிட்டால் மிச்சம் ஒன்றுமில்லை என்று ஒரு நினைப்பு. அடுத்தவர் முகம் சுளிப்பதைப் பார்த்துத் தானும் சுளிக்கக் கற்றுக்கொண்டான். தொட்டியறை வாசலிலும் பின்னால் நிற்பவரின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்துத்தான் தீர்ப்புச் சொன்னான். நாலு வருஷம் இப்படியே ஓடிவிட்டது.

இலையுதிர் காலத்து அடைமழையில் ஒருநாள் மீட்டர் கத்தியது. கூட வேலை பார்க்கும் ஹெல்வி மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தாள். ஆலையிலேயே நீளமான நாக்கு அவளுடையதுதான்.

“ரவுனோ, எனக்குச் சளி. ரெண்டு பக்கமும் அடைச்சுக் கெடக்கு. உன் மூக்கைக் கொஞ்சம் கடன் குடு. பம்பை ஒரு பார்வை பாத்துட்டு வந்துடறேன்.”

ரவுனோ கதவைத் திறந்தான். மோந்தான். எப்போதும்போல ஒன்றுமே இல்லை. ஓரக்கண்ணால் பார்த்தான், ஹெல்வியின் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. அவளுக்குத்தான் சளி ஆயிற்றே. முகமூடி கைக்கெட்டும் தூரத்தில் தொங்கியது. காரணமில்லாமல் அதைப் போடச் சொன்னால் இவள் நாக்கு சும்மா இருக்குமா?

“என்னப்பா, போட்டோ எடுக்க நிக்கிற மாதிரி நிக்கிற? சொல்லித் தொலை!”

“சுத்தம்.”

பம்பின் சீல் கிழிந்து கரைசல் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. ஹெல்வி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, இருமி இருமி, தவழ்ந்தே வெளியே வந்தாள். சாயங்காலத்துக்குள் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. நகரத்து ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டார்கள்.

விசாரணை நடந்தது. ரவுனோ மோந்தபோது அறை சுத்தமாகத்தான் இருந்திருக்க வேண்டும், அவள் உள்ளே போன பிறகே சீல் கிழிந்திருக்கிறது என்று முடிவு கட்டினார்கள். மீட்டர் முன்பே கத்தியதே என்று ஒருவர் கேட்டதற்கு, “அது மழைக்குக் கத்தும், ரவுனோ மூக்கு தப்பாது” என்றான் போர்மேன் பென்டி. ரவுனோ அங்கேயேதான் உட்கார்ந்திருந்தான். பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடக்கூடாதா என்றிருந்தது அவனுக்கு. வாய் மட்டும் திறக்கவில்லை.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, காலை ஷிப்ட் முடிந்த கையோடு பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனான். ஹெல்வி தலையணையில் சாய்ந்திருந்தாள். ஒரு வாக்கியத்துக்கு இரண்டு மூச்சு வாங்கினாள்.

“வாப்பா. எழவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி மூஞ்சிய வச்சுக்காத. நான் இன்னும் சாகல.”

அவன் உட்காரவில்லை. “எனக்கு வாசனையே தெரியாது, ஹெல்வி. நாலு வருஷமாவே தெரியாது.”

அவள் அவனையே பார்த்தாள். “அன்னைக்கும்?”

“அன்னைக்கும் தெரியல. சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டினால் கொஞ்சம் பாரம் இறங்கும் என்றுகூட ஏங்கினான். அவள் திட்டவில்லை. எதையோ யோசித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“நீ இப்போ வேலையிலேர்ந்துதான வர்றே?”

“ஆமா.”

“இன்னைக்கும் மோந்து பாக்கச் சொன்னாங்களா?”

தலையாட்டினான்.

“என்ன சொன்னே?”

ரவுனோவால் நிமிர முடியவில்லை. “சுத்தம்னு சொன்னேன்.”

ஹெல்வி கட்டில் பக்கத்தில் இருந்த தொலைபேசியை அவன் பக்கமாகத் தள்ளினாள். மூச்சு இரைக்க இரைக்கச் சொன்னாள்: “என்கிட்ட அழுது என்ன பிரயோஜனம்? பென்டிக்குப் போன் போடு. அங்க தொட்டியறைக்குள்ள ஆள் இருக்காங்க.”

எண்களை அழுத்தினான். மறுமுனையில் பென்டி எடுத்தான். பின்னால் ஆலையின் இரைச்சல் கேட்டது.

“தொட்டியறையிலேர்ந்து எல்லாரையும் வெளிய வரச் சொல்லு” என்றான் ரவுனோ.

“ஏன்? என்ன ஆச்சு? நீதானே காலையில சுத்தம்னு சொல்லிட்டுப் போனே?”

ஹெல்வி கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பொய் சொன்னேன்” என்றான் ரவுனோ.