மூன்றே மூன்று பதில்

அறுபதுகளின் தொடக்கத்தில், தென்காசிப் பக்கம் ஒரு சின்ன டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் ஆபரேட்டர். என்னோடு இன்னும் இரண்டு பேர். கேட்ட நம்பர் கிடைக்காவிட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வோம். மூத்தவருக்கு யாரிடமும் இல்லையென்று சொல்ல மனசு வராது. லைன் செத்துக் கிடந்தாலும், "இன்னா வந்துரும் அண்ணாச்சி, பொறுங்க" என்பார். இன்னொருத்தி எல்லாவற்றுக்கும் "கெடைக்கல" என்பாள். நான் எரிச்சல் வந்தால் பதிலே சொல்லாமல் பிளக்கைப் பிடுங்கிவிடுவேன்.

சீசன் நேரத்தில் குற்றாலத்து லாட்ஜ்காரர் ஒருவர் நேரிலேயே வந்து சண்டை பிடித்தார். இலத்தூர் அரிசிக்கடையோடு பேச, மூத்தவர் பேச்சை நம்பிக் காலையெல்லாம் காத்திருந்தாராம். அங்கே கம்பியே அறுந்து கிடந்தது.

"வராதுன்னா வராதுன்னு சொல்லுங்களேன், பஸ் ஏறிப் போயிருப்பேம்லா!"

எனக்கு வெட்கமாகிவிட்டது. அன்றே ஓர் அட்டையில் மூன்று பதில்கள் எழுதி, இணைப்புக் கொடுக்கும் போர்டுக்கு மேலே ஒட்டினேன். அவர் வேறு ஆளோடு பேசுகிறார், கால் மணி கழித்துக் கேளுங்கள். மணி அடிக்கிறது, எடுக்க ஆளில்லை. அங்கே லைன் பழுது, ஆள் இருக்கலாம், நேரில் போய்ப் பாருங்கள். யார் போர்டில் இருந்தாலும் இதே வார்த்தைதான்.

"மூஞ்சில அடிச்சாப்ல சொல்லச் சொல்லுதியே தாயி" என்றார் மூத்தவர். மேலதிகாரியோ, ஒரு புகார் வந்தாலும் அட்டையைக் கிழித்துவிடுவதாகச் சொன்னார். எனக்கு உள்ளுக்குள் கொதித்தது.

அந்த வாரமே, சாரல் பிடித்த ஒரு மத்தியானம் அதே லாட்ஜ்காரர் கூப்பிட்டார். தங்கியிருந்த பெண்ணுக்குப் பிரசவ வலி. தென்காசி டாக்டர் வீடு வேண்டும். போர்டில் மூத்தவர். டாக்டர் வீட்டு லைனில் உயிரே இல்லை. அவர் வாய் பழைய பதிலுக்குத் திறந்தது. நான் பக்கத்தில் நின்றிருந்தேன். என்னைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார்.

"அங்கன லைன் பழுது அண்ணாச்சி. ஆளு இருக்கலாம். நேர்ல போய்ப் பாருங்க."

லாட்ஜ்காரர் அடுத்த நிமிஷமே வாடகைக் காரில் கிளம்பிவிட்டார். டாக்டர் வீட்டில்தான் இருந்தார்.

சாயங்காலம் நான் போர்டில் உட்கார்ந்திருந்தபோது மறுபடி லாட்ஜ்காரர் குரல்.

"நம்பர் ஒண்ணும் வேண்டாம்மா. பொம்பளப் புள்ள. இன்னும் அரை மணி காத்துக்கெடந்திருந்தா ரெண்டு உசுரும் போயிருக்கும்னு டாக்டர் சொல்லுதாரு."

ஊரையே ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

"இன்னொரு தடவ சொல்லுங்க அண்ணாச்சி" என்று சொல்லி, ஹெட்போனைக் கழற்றி மூத்தவர் தலையில் மாட்டிவிட்டேன்.