ஹால் டிக்கெட்டோடு மாட்டிக்கொண்ட இங்கிலீஷ் சார்

தவிட்டு வாசனையும் சாக்பீஸ் தூளும் சேர்ந்து மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்கு அந்த ஹால் டிக்கெட் ஞாபகம் வரும்...

எண்பதுகளின் தொடக்கம். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ரைஸ் மில் மாடியில் டுடோரியல். அதில் நான்தான் இங்கிலீஷ் சார். பி.யூ.சி. படித்தவன் என்று சொல்லி வைத்திருந்தேன். உண்மையில் எஸ்.எஸ்.எல்.சி.யிலேயே இங்கிலீஷ் போச்சு. அதுவும் மூன்று தடவை.

எனக்குத் தெரிந்த ஒரே வித்தை போர்டில் நாலு கட்டம் போட்டு ஒரே சொல்லின் நாலு வடிவத்தை எழுதுவது. டிசைட், டிசிஷன், டிசைசிவ், டிசைசிவ்லி. சக்ஸீட், சக்ஸஸ், சக்ஸஸ்ஃபுல், சக்ஸஸ்ஃபுல்லி. அர்ச்சனை மாதிரி கடகடவென்று வரும். ஆனால் அதை வைத்து ஒரு லீவு லெட்டர் எழுதச் சொன்னால் முதல் வரியே வராது.

பென்னலூரிலிருந்து கஸ்தூரி என்று ஒருவர் படிக்க வருவார். என்னைவிட மூத்தவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். பால்வாடி வேலைக்கு எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் வேண்டும். தையல் கிளாஸ் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு வந்துகொண்டிருந்தார்.

நான் போடும் ஒவ்வொரு சொல்லுக்கும் வீட்டு ஆட்களை வைத்தே வாக்கியம் எழுதுவார். மாமியார் டிசைட் பண்ணுகிறார். மாமியாரின் டிசிஷன்தான் ஃபைனல். நான் சிரித்துவிட்டு, கட்டத்தை மனப்பாடம் பண்ணினால் போதும் என்பேன். என்ன கொழுப்பு எனக்கு!

நாலாவது தடவை பரீட்சைக்குக் கட்டினேன். தெரிந்தவர் கண்ணில் படக்கூடாதென்று காஞ்சிபுரத்தில் சென்டர். பெஞ்சில் உட்கார்ந்து திரும்பினால்... அடுத்த பெஞ்சில் கஸ்தூரி. வீட்டுக்குத் தெரியக்கூடாதென்று அவரும் அதே சென்டரைத்தான் கேட்டிருந்தார்.

“இன்னா சார், சூப்பர்வைசரா வந்துகிறீங்களா?”

அப்புறம்தான் என் கையிலிருந்த ஹால் டிக்கெட்டைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது. நான் அதைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டேன். பரீட்சை முடியும்வரை அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் என்ன எழுதினேன் என்று சத்தியமாக ஞாபகம் இல்லை.

ரிசல்ட் பேப்பரில் அவர் நம்பர் இருந்தது. அதற்கு அடுத்த நம்பர் என்னுடையது. அது இல்லை.

அவ்வளவுதான், வேலை போச்சு, மானமும் போச்சு என்று பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுத்தான் மறுநாள் கிளாசுக்குப் போனேன். கஸ்தூரி பூந்திப் பொட்டலத்தோடு நின்றுகொண்டிருந்தார். சாரால்தான் பாஸானேன் என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். என்னால் தலை நிமிர முடியவில்லை.

எல்லோரும் போனபிறகு படிக்கட்டில் நின்று தன் நோட்டை நீட்டினார்.

“கட்டமெல்லாம் உங்களுது சார். அதுக்கு நான் எழுதின வாக்கியம் எல்லாம் இதுல கீது. படிச்சிப் பாருங்க.”

அந்த மாமியாரை வைத்துத்தான் அடுத்த தடவை நான் பாஸானேன்.

இன்றைக்கு என் பேத்தி போனில் ஒரு சொல்லைத் தட்டினால் அர்த்தம், நாலு கட்டம், உதாரண வாக்கியம் எல்லாம் வந்து விழுகிறது. ஒன்றில்கூட மாமியார் இல்லை...

கஸ்தூரியக்கா இதைக் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. போன மாதம் காலமாகிவிட்டார். அதனால் நானே சொல்லிவிட்டேன்.