உப்புத் தண்ணீர் ஊசி

நெகுலாய் ஆஸ்பத்திரியில் என் பக்கத்துக் கட்டிலில் வந்து படுத்த அன்று, இவன் தேறமாட்டான் என்று நான் முடிவு கட்டினேன். அவனும் என்னைப் பார்த்து அதையேதான் முடிவு கட்டியிருந்தான். "நீ போனதும் உன் ஜன்னலோரக் கட்டிலைக் கேட்டு வாங்கிடலாம்னு இருந்தேன் அண்ணே," என்று பிறகு அவனே சொன்னான். எனக்கும் வருத்தமில்லை. அவன் செத்தால் அவனுடைய தடித்த போர்வையை எடுத்துக்கொள்ளலாம் என்று நானும் நினைத்திருந்தேன். மூச்சு முட்டுகிறவனுக்கு அந்த அறையில் இதைவிடப் பெரிய நினைப்பு எதுவும் வராது. மூன்றாவதாகக் கதவோரம் இலியே என்ற கொத்தனார் கிடந்தான். இளையவன், கட்டுமஸ்தானவன். அவனைப் பற்றி நாங்கள் எதையும் முடிவு கட்டவில்லை.

நெகுலாய் எங்கள் மாவட்டத்திலிருந்து இத்தாலிக்கு வாரம் ஒருமுறை வேன் ஓட்டுகிறவன். போகும்போது அங்கே கிழவர்களைக் கழுவித் துடைக்கப் போகும் பெண்கள், பன்றித் தொத்திறைச்சி, ஊறுகாய் ஜாடிகள். வரும்போது காப்பித் தூள், பழைய சைக்கிள், அழுத முகங்கள். வழி முழுக்க இவன் ஒருவன்தான் பேசுவானாம். கொரோனா வந்த பிறகு பேச்செல்லாம் தடுப்பூசியைப் பற்றித்தான். அது விஷம், மாட்டுக்குக்கூடப் போடமாட்டேன் என்பான். ஆனால் எல்லையில் போலீஸ்காரன் சான்றிதழ் கேட்கிறானே. அதற்கும் அவனிடம் வழி இருந்தது. அவன் மனைவியின் தங்கை மரியோரா, டவுன் தடுப்பூசி மையத்தில் நர்ஸ். காசு கொடுத்தால், மருந்தைக் கை கழுவும் தொட்டியில் ஊற்றிவிட்டு, வரிசையில் நிற்பவர்கள் பார்வைக்காக வெறும் உப்புத் தண்ணீரைக் கையில் குத்தி, கம்ப்யூட்டரில் போட்டாயிற்று என்று ஏற்றிவிடுவாள். எங்கள் நாட்டில் அந்த வருடம் இது ஒன்றும் அதிசயமில்லை. நெகுலாய் தனக்கும் மனைவிக்கும் அப்படியே குத்திக்கொண்டான். அதோடு விட்டானா? வேனில் வந்தவர்களையெல்லாம் கொழுந்தியாளிடம் அனுப்பிவைத்தான்.

கதவோரத்து இலியேயும் அந்த வேனில் போனவன்தான்.

"நீயுமாடா இங்க?" என்றான் நெகுலாய், ஆக்சிஜன் முகமூடியைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு.

"உன் புண்ணியந்தான் அண்ணே," என்றான் இலியே. "தொட்டிக்கு... ஊசி போட்டோம். அது நல்லா இருக்கு. சளி, காய்ச்சல்... ஒண்ணும் இல்ல அதுக்கு."

மூன்று பேரும் சிரித்தோம். சிரித்த பாவத்துக்கு வெகு நேரம் இருமினோம். சுவரில் ஆக்சிஜன் வரும் மூன்று தண்ணீர்ப் புட்டிகளும் குமிழ்விட்டுக்கொண்டிருந்தன. நான் மட்டும் ஊசியும் வேண்டாம், அந்தத் தாளும் வேண்டாம் என்று வீட்டிலேயே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன். முப்பது வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவனுக்கு யார் சொன்னாலும் ஏறாது. அவர்கள் காசு கொடுத்து வாங்கிய நோயை நான் ஓசியில் வாங்கினேன்.

டாக்டரம்மா சின்னப் பெண். கம்ப்யூட்டரைப் பார்ப்பாள், நெகுலாயின் எக்ஸ்ரே படத்தைப் பார்ப்பாள், நெற்றியைத் தேய்ப்பாள். "ரெண்டு ஊசியும் போட்டிருக்கீங்க. அப்புறமும் நுரையீரல் ஏன் இப்படி இருக்குன்னு புரியல," என்பாள்.

"பாருங்க டாக்டர். நாந்தான் அப்பவே சொன்னேனே, அது வேலை செய்யாதுன்னு," என்பான் அவன், எங்களைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டு. அவள் நம்பினாள். செத்திருந்தாலும் ஊசி போட்டும் செத்தவன் என்றுதான் எழுதியிருப்பார்கள். அந்தப் பெருமையிலேயே அவனுக்கு ஒரு சுற்று மூச்சு கூடுதலாக வந்தது.

வீட்டுக்குப் போன் செய்யும்போது ஸ்பீக்கரில் போடுவான். கையால் தூக்கிப் பிடிக்கத் தெம்பில்லை. "ஏய், போன வலது காதுல வெச்சுக்க!" என்றுதான் ஆரம்பிப்பான். மனைவிக்குப் பெயர் உண்டு என்பது எங்களுக்கு வெகு நாள் தெரியாது. வலது காது எதற்கு என்று இலியே ஒருமுறை கேட்டான்.

"இடது காது செத்துப் போச்சு. ஒரு தடவ வெச்சேன் ஒண்ணு, அன்னியோட சரி. ரொம்ப வசதி. ராத்திரி வலது காதத் தலகாணியில வெச்சுப் படுத்துட்டா என் குறட்டை அவளுக்குக் கேக்காது."

அதற்கும் சிரித்தோம். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, நானும்தான் சிரித்தேன்.

அந்த மனைவி ஸ்மரந்தாதான் வீட்டில் அவன் காய்ச்சலோடு கிடந்தபோது கூடவே இருந்தவள். ஒரே கட்டில், ஒரே கரண்டி. அவளுக்கு இரண்டு நாள் மூக்கு ஒழுகியதோடு சரி. "காட்டுக் கட்டை அவ," என்பான். ஆஸ்பத்திரிக்குள் யாரையும் விடமாட்டார்கள். கேட்டில் பை கொடுத்துவிட்டுப் போவாள். முதல் பையிலேயே கோழி சூப்பு, மாமலிகா என்கிற சோளக்களி, சுத்தமான துண்டு, அவற்றுக்கு அடியில் ஒரு மஞ்சள் மெழுகுவத்தி. எங்கள் பக்கத்தில் கையில் எரியும் வத்தி இல்லாமல் யாரும் சாகக்கூடாது. செத்தால் மறு உலகத்தில் காலம் பூரா இருட்டில் தடவ வேண்டியதுதான். ஆனால் ஆக்சிஜன் ஓடும் அறையில் தீக்குச்சி கிழித்தால் மொத்தப் பேரும் வெளிச்சத்தோடு போய்ச் சேருவோம். ஆயா அதைப் பிடுங்கி அலமாரியில் பூட்டினாள்.

"சோத்தோட வத்தியும் அனுப்பியிருக்கா பாரு. என்ன பாசம்!" என்றான் இலியே.

"அவளுக்கு அவசரம்டா," என்றான் நெகுலாய். சிரித்தான். ஆனால் அன்று முழுக்க அந்த அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆள் பற்றாக்குறை என்று டவுனிலிருந்த நர்ஸ்களையெல்லாம் கோவிட் வார்டுக்கு இழுத்தார்கள். ஒருநாள் வெள்ளை அங்கிக்குள் புகுந்துகொண்டு ஒருத்தி வந்தாள். முதுகில் பேனாவால் மரியோரா என்று எழுதியிருந்தது. நெகுலாய்க்கு ராஜயோகம் வந்ததுபோல் ஆகிவிட்டது.

"வா கொழுந்தியா! இனிமே எனக்கு என்ன கவலை. அந்த நல்ல முகமூடி வந்துதாமே, அத எனக்கு மாட்டு."

"அது கதவோரத்து ஆளுக்கு அத்தான். அவருக்குத்தான் ஆக்சிஜன் ரொம்ப எறங்குது."

"எனக்கு மாட்டுன்னேன். நான் வாயத் தொறந்தா நீ எங்க இருப்பன்னு தெரியுமில்ல?"

கண்ணாடிக்குப் பின்னால் அவள் கண் அசையவில்லை. முகமூடியைக் கொண்டுவந்து அவனுக்கே மாட்டினாள். பின்னால் இலியேக்கு இன்னொன்று தேடிக் கொண்டுவந்தாள். அதற்குள் அவன் உதடு நீலம் பாரித்துவிட்டது. அந்த முகமூடி முதலிலேயே கிடைத்திருந்தாலும் இலியே செத்திருப்பான் என்று டாக்டரம்மா பிறகு என்னிடம் சொன்னாள். சொன்னாளே தவிர, என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

இலியே மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் செத்தான். சூப்பு வந்து வைத்திருந்தது, ஆவி அடங்கவில்லை. குப்புறப் படுத்தவன் அப்படியே இருந்தான். அலாரம் கத்தியது, ஓடி வந்தார்கள், திரையை இழுத்தார்கள். பிறகு இரண்டு பேர் கறுப்புப் பையோடு வந்து ஜிப்பை இழுத்து மூடித் தள்ளிக்கொண்டு போனார்கள். வத்தி இல்லை, பாதிரியார் இல்லை, பெண்டாட்டி இல்லை. அந்த ஜிப்பின் சத்தம் எனக்கு இன்னும் பிடிப்பதில்லை, குளிர்காலச் சட்டையை வாங்கினால்கூட பட்டன் வைத்ததாகப் பார்த்து வாங்குகிறேன்.

அன்று நெகுலாய் முதல்முறையாகப் பயந்தான். கதவோரக் கட்டிலைத் துடைக்க வந்த மரியோராவை விரல் காட்டிக் கூப்பிட்டான்.

"நெசத்தச் சொல்லு. அந்த ஊசி நெசமா போட்டிருந்தா... அவன் பொழைச்சிருப்பானா?"

"பெரும்பாலும்."

"நானு?"

"நீங்க இங்க வந்திருக்கவே மாட்டீங்க அத்தான்."

அவன் மூச்சை எண்ணி எண்ணி இழுத்தான். ஏதோ கணக்கு இடித்திருக்க வேண்டும். "அப்ப என் வீட்டுக்காரிக்கு? அவளும் உப்புத் தண்ணிதானே. கூடவே படுத்தா. அவளுக்கு ஏன் ஒண்ணும் ஆகல?"

மரியோரா துணியைப் பிழிந்தாள். "அக்காவுக்கு உப்புத் தண்ணி இல்ல. மருந்துதான் போட்டேன்."

"என்னது?"

"மருந்து. தொட்டியில ஊத்தல."

"திருட்டு முண்ட! எனக்கு மட்டும்... நான் டாக்டர்கிட்ட சொல்றேன் பாரு!"

"சொல்லுங்க. நான் ஜெயிலுக்குப் போறேன், எனக்கு அதுதான் சரி. உங்க வேன்ல வந்தவங்களோட பொண்டாட்டிங்க உங்க வாசல்லதான் வந்து நிப்பாங்க. இவரு பொண்டாட்டிதான் மொதல்ல." காலிக் கட்டிலைக் காட்டினாள். குரலை உயர்த்தவே இல்லை.

"அவளுக்குத் தெரியுமா? தெரிஞ்சுதான் போட்டுக்கிட்டாளா?"

"அத அவகிட்டயே கேளுங்க."

அந்தக் கேள்விதான் அவனைப் பிழைக்கவைத்தது. டாக்டரம்மா மருந்து என்பாள், என்னைக் கேட்டால் கோபம் என்பேன். போனில் கேட்கவில்லை. "மூஞ்சியப் பாத்துக் கேக்கணும் அண்ணே," என்றான். குப்புறப் படு என்றால் படுத்தான், மூச்சு ஊது என்றால் ஊதுகுழலுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பந்து மேலே போகும்வரை ஊதினான். கட்டிலில் உட்கார்ந்தான், பிறகு நாற்காலியில், பிறகு கக்கூசு வரைக்கும் குழாயோடு போய், சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதபடி திரும்பி வந்தான். நல்ல முகமூடி போய் மூக்குக் குழாய் வந்தது. அதற்குமேல் நுரையீரல் ஒத்துழைக்கவில்லை. ஆக்சிஜன் இல்லாமல் விட்டால் சட்டையை மாட்டுவதற்குள் விரல் நகம் கறுத்தது. வீட்டுக்குப் போகலாம், ஆனால் ஆக்சிஜன் மெஷின் வைத்துக்கொள்ள வேண்டும், எத்தனை மாதம் என்று சொல்லமுடியாது, கூடவே ஆள் இருந்து குழாயையும் அளவையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். இனி அவன் வேன் ஓட்டமாட்டான் என்பதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

என்னையும் அன்றுதான் விட்டார்கள். என் ஊர் அவன் ஊருக்குப் போகும் வழியில் இருந்ததால் அவர்கள் காரிலேயே ஏறிக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்காரர் ஓட்டினார். நான் முன்னால், அவர்கள் இருவரும் பின்னால். ஸ்மரந்தாவை அப்போதுதான் பார்த்தேன். சின்ன உருவம், இறுக்கக் கட்டிய தலைத்துணி. ஆயா பூட்டி வைத்திருந்த சாமான்களை வாங்கிக்கொண்டாள். மெழுகுவத்தியைப் பாவாடை ஓரத்தில் துடைத்துக் கைப்பைக்குள் வைத்தாள். "நல்ல மெழுகு, இருக்கட்டும்," என்றாள். சிறிய ஆக்சிஜன் சிலிண்டரைக் குழந்தையை வைத்துக்கொள்வதுபோல் மடியில் வைத்துக்கொண்டாள். அளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் அவள் கைக்குள் இருந்தது.

டவுனைத் தாண்டியதுமே நெகுலாய் ஆரம்பித்தான். "உனக்கு... மருந்து போட்டாளாமே."

அவள் ஜன்னல் வழியே சோளக்கொல்லையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் உட்கார்ந்திருந்தது அவளுக்கு இடதுபக்கம்.

"ஏய்! ஒன்னத்தான்!"

அவன் தொண்டைக்குள்ளிருந்து இழுத்துக் கத்தினான். கத்தியதில் பாதி மூச்சு போய்விட்டது. எனக்கே பாவமாக இருந்தது, நான்தான் திரும்பி அவளுக்குச் சைகை காட்டினேன்.

"கத்தாதீங்க," என்றாள் அவள். "ஆமா, போட்டா. நாந்தான் கேட்டேன்."

"எங்கிட்ட... சொல்லல."

"நான் சொல்லி நீங்க எதக் கேட்டிருக்கீங்க?" அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "உங்களுக்கும் போட்டுடவான்னு கேட்டா மரியோரா. உப்புத் தண்ணின்னு நெனச்சுக்குவாரு, அவருக்கெங்க தெரியப்போவுதுன்னா. நீங்க வாசல்ல சிகரெட்டு குடிச்சுக்கிட்டு, உள்ள மாடுங்க வரிசையா நிக்குதுன்னு சிரிச்சுக்கிட்டு இருந்தீங்க."

"நீ... என்ன சொன்ன?"

"அவரு காசு குடுத்திருக்காரு. எதுக்குக் குடுத்தாரோ அதையே குடுத்துடுன்னேன்."

ஓட்டுகிற மனிதர் வானொலியைத் தேடிக் கையை நீட்டி, பிறகு வேண்டாம் என்று எடுத்துக்கொண்டார். நெகுலாய் கையை ஓங்குவான் என்று நினைத்தேன். கை முட்டி வரைக்கும்தான் எழுந்தது. மார்பு மட்டும் மேலும் கீழும் அடித்துக்கொண்டது, உதட்டைச் சுற்றி அந்தப் பழைய நீல நிறம் வந்தது.

"கொஞ்சம்... ஏத்து," என்றான்.

அவள் கொல்லையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கவில்லையா, கேட்டும் இருந்தாளா, எனக்குத் தெரியாது. அந்தக் காது எவ்வளவு செத்தது என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். நான் இந்தமுறை திரும்பிச் சைகை காட்டவில்லை.

"ஏய்... ஏத்து."

குமிழின் மேல் இருந்த விரல்கள் அசையவில்லை. கார் ஒரு பாலத்தைக் கடந்தது.

"ஸ்மரந்தா," என்றான். அத்தனை நாளில் அந்தப் பெயரை அவன் வாயிலிருந்து நான் கேட்டது அப்போதுதான்.

"கூப்பிட்டீங்களா?" என்று திரும்பினாள். குமிழை ஒரு கோடு ஏற்றினாள். "போதுமா?"

"போதும், ஸ்மரந்தா."

என் ஊர் வந்து நான் இறங்கும்வரை அவன் அவள் கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.