பெட்டகத்தில் வைத்த மகளின் பாஸ்போர்ட்

அபுதாபியின் தொழிற்பேட்டையான முசஃபாவில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் நிர்வாக அதிகாரியாக இருந்தேன். தொழிலாளர்களின் பாஸ்போர்ட்டுகளை வாங்கி ஆபீஸ் பெட்டகத்தில் பூட்டி வைப்பேன். அது சட்டவிரோதம் என்று தெரிந்தேதான் செய்தேன்.

அபுதாபியில் ஆஸ்திரேலியக் கால்பந்து ஆடி வளர்ந்த என் மகளை, மெல்போர்னில் ஒரு தொழில்முறை அணி ஒப்பந்தத்துக்கு அழைத்தது. முட்டி மோதி விழும் ஆட்டம் பெண்ணுக்குப் பிழைப்பாகுமா என்று பயந்து, அவளுடைய பாஸ்போர்ட்டையும் அங்கேயே பூட்டினேன்.

“அப்பா, நானும் உங்க லேபரா?”

“உன் விசா என் பேர்ல இருக்கு. கலாஸ், பேச்சு முடிஞ்சது.”

அணி கொடுத்த கெடு முடிந்த மறுநாள் பாஸ்போர்ட்டை நீட்டினேன். “வேற பொண்ண எடுத்துட்டாங்கப்பா” என்றாள். பிறகு அவள் ஆடவே இல்லை. இதே ஊரில் ஒரு ஆபீஸில் வேலை பார்க்கிறாள்.

போன மாதம்தான் மன்னிப்புக் கேட்டேன்.

“சாப்பிடுங்கப்பா, ஆறிடும்” என்றாள்.